கையொப்பமிடும் முன்: அழற்சி நோய் மருந்துச் சோதனைகள் பற்றி அறியவேண்டியவை

முடக்குவாதம், குரோன் நோய், சொரியாசிஸ் போன்ற நீண்டகால அழற்சி நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோரிடம், “புதிய மருந்துக்கான சோதனையில் சேர விருப்பமா?” என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. கேள்வியைத் தொடர்ந்து பல பக்கங்கள் கொண்ட தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் கைக்கு வரும்.

வீட்டில் அதைப் பற்றி எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். “நம்மைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள், வேண்டாம்” என்பது ஒன்று. “புது மருந்து, அதுவும் இலவசம். டாக்டரே சொல்கிறார், சேர்ந்துவிடலாம்” என்பது மற்றொன்று.

முதலாவது, நோயாளியைப் பாதுகாக்க இருக்கும் விதிகளை மறந்துவிடுகிறது. இரண்டாவது, சோதனையைச் சிகிச்சை என்று எண்ணிக்கொள்கிறது.

உடல்நலப் பரிசோதனை வேறு, மருத்துவச் சோதனை வேறு. ஒருவருக்கு என்ன நோய் என்று பார்ப்பது பரிசோதனை. ஒரு மருந்து பலன் தருமா, தீங்கு செய்யுமா என்ற கேள்விக்கு மனிதர்களிடம் முறையாக விடை தேடுவது மருத்துவச் சோதனை. விடை இன்னும் தெரியாததால்தான் அந்தச் சோதனையே நடக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள ஒரு மருந்து வகை, லண்டனிலிருந்த ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து நோயாளிகளின் கைக்கு வந்து சேர்ந்த கதை உதவும்.

அழற்சி என்பது என்ன?

காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிப்பது அழற்சி. கிருமிகளை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடல் செய்யும் வேலை அது. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும்.

சிலருக்கு அது அடங்குவதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கத் தொடங்குகிறது. மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம், குடலைத் தாக்கினால் குரோன் நோய், தோலைத் தாக்கினால் சொரியாசிஸ் என நோயின் பெயர் மாறுகிறது.

முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வு வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. காலையில் விரல்களை மடக்க முடியாமல் போவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் தவிப்பது போன்றவை இந்நோய் உள்ளவர்களின் அன்றாடப் பாடு.

லண்டனில் எழுந்த கேள்வி

லண்டனின் ஹாமர்ஸ்மித் வட்டாரத்தில் 1960களில் நிறுவப்பட்டது கென்னடி மூட்டுவாத ஆய்வு நிலையம். அருகிலுள்ள சேரிங் கிராஸ் மருத்துவமனையுடன் அது நெருங்கிச் செயல்பட்டது. 2011ல் அந்த நிலையம் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்திற்கு மாறியது.

பஞ்சாபின் லூதியானாவில் பிறந்து, உகாண்டாவில் வளர்ந்து, பிரிட்டனில் மருத்துவம் பயின்ற ரவீந்தர் மைனியும், ஆஸ்திரேலியாவில் பயின்ற மார்க் ஃபெல்ட்மனும் 1980களில் இணைந்து பணியாற்றினர்.

வீங்கிய மூட்டுகளில் சைட்டோகைன் எனப்படும் சமிக்ஞைப் புரதங்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன், மற்றவை அந்த வேலையைச் செய்யாதா என்பதே அன்று பலருக்கும் இருந்த ஐயம்.

நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த உயிரணுக்களை அந்தக் குழு ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தது. ஃபியோனுலா பிரென்னன் முதன்மை ஆய்வாளராக இருந்து 1989ல் வெளியான ஆய்வு, டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்தைத் தடுத்தால் அழற்சியைத் தூண்டும் வேறொரு புரதமும் குறைவதைக் காட்டியது. அடுக்கி வைத்த சீட்டுகளில் அடிச்சீட்டை உருவியதுபோல் அது அமைந்தது.

எலிகளிலும் முடிவு சாதகமாக இருந்தது. இனி மனிதர்களிடம் பார்க்க வேண்டும்.

அதற்கான மருந்து ஏற்கெனவே வேறொரு நோக்கத்திற்காக உருவாகியிருந்தது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து சென்டோகோர் என்ற அமெரிக்க நிறுவனம் டிஎன்எஃப் புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் ஒன்றைத் தயாரித்திருந்தது. ரத்தத்தில் கிருமி பரவி ஏற்படும் கடும் பாதிப்புக்கு அது உதவும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அதே மருந்தே பின்னர் இன்ஃப்ளிக்ஸிமாப் என்று பெயர் பெற்றது.

முதலில் 20 பேர்

மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத முடக்குவாதம் இருந்த 20 பேருக்கு 1992ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அந்த மருந்து நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. யாருக்கு என்ன தரப்படுகிறது என்பது நோயாளிகளுக்கும் தெரியும், மருத்துவர்களுக்கும் தெரியும்.

வீங்கிய மூட்டுகளின் இடைநிலை எண்ணிக்கை 18லிருந்து ஆறாம் வாரத்தில் 5ஆகக் குறைந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகளும் இறங்கின.

அத்துடன் மருந்தைச் சந்தைக்கு அனுப்பியிருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால், 20 பேரின் முன்னேற்றம் மட்டும் மருந்தின் பலனை நிரூபித்துவிடாது.

முடக்குவாதம் ஏறி இறங்கும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பலரும் புதிய சிகிச்சையை நாடுகின்றனர். அந்த உச்சத்திற்குப் பிறகு, எதுவும் செய்யாவிட்டாலும் சற்றுத் தணிவு ஏற்படக்கூடும். புதிய மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையும் வலியைக் குறைத்துக் காட்டும். நோயாளி நலமடைய வேண்டும் என்று விரும்பும் மருத்துவரின் கண்ணுக்கும் வீக்கம் வடிந்ததுபோல் தெரியலாம்.

பிறகு 73 பேர்

எனவே அடுத்த சோதனை வேறு விதமாக வடிவமைக்கப்பட்டது. லண்டன், வியன்னா, லைடன், எர்லாங்கன் ஆகிய நான்கு நகர்களில் 73 பேர் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வெற்று மருந்து, ஒரு குழுவுக்குக் குறைந்த அளவு மருந்து, மற்றொன்றுக்கு அதிக அளவு மருந்து ஒருமுறை ஏற்றப்பட்டது.

யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரை மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. இருபுறமும் மறைக்கப்பட்ட சோதனை என்பது இதுதான்.

முடிவுகள் 1994ல் வெளிவந்தன. நான்கு வாரத்திற்குப் பின், வெற்று மருந்து பெற்ற 24 பேரில் இருவருக்கு முன்னேற்றம் இருந்தது. குறைந்த அளவு பெற்ற 25 பேரில் 11 பேருக்கும், அதிக அளவு பெற்ற 24 பேரில் 19 பேருக்கும் முன்னேற்றம் காணப்பட்டது.

மருந்தே இல்லாமல் இருவர் நலமடைந்தனர். ஆனால் 2, 11, 19 என்று ஏறிய எண்ணிக்கையை நம்பிக்கையோ தற்செயலோ விளக்கிவிட முடியாது. வெற்று மருந்து பெற்ற அந்த 24 பேர் இல்லாமல் இந்த விடை கிடைத்திருக்காது.

சோதனையில் சேரும் எவரும் அந்த 24 பேரில் ஒருவராக இருக்கக்கூடும். புதிய மருந்து நிச்சயம் கிடைக்கும் என்று எண்ணிக் கையொப்பமிடுவோர் இதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

பலன் நீடித்ததா?

ஒருமுறை மருந்தேற்றியவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பியது. மீண்டும் மீண்டும் ஏற்றியபோது, மருந்துக்கு எதிராகவே சிலரின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கியது.

வழக்கமான முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அடுத்து பார்த்தனர். 1998ல் வெளியான அந்த 101 பேர் சோதனையில் பலன் நீடித்தது.

பின்னர் 428 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 1999ல் வந்தது. எல்லாருமே மெத்தோட்ரெக்சேட் எடுத்தனர். 30 வாரங்கள் கழித்து, புதிய மருந்தும் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிர்ணயித்த அளவுக்கு முன்னேற்றம் கண்டனர். வெற்று மருந்து பெற்றவர்களில் அது ஐவரில் ஒருவராக இருந்தது.

இன்ஃப்ளிக்ஸிமாப் 1998ல் குரோன் நோய்க்கும், 1999ல் முடக்குவாதத்திற்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எட்டனர்செப்ட், அடாலிமுமாப் ஆகியவையும் இதே புரதத்தைத் தடுப்பவை. மைனிக்கும் ஃபெல்ட்மனுக்கும் 2003ல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

எதிர்பாராதது காசநோய்

ஆயினும் சோதனைகள் எல்லாவற்றையும் காட்டிவிடவில்லை.

சில நூறு பேர் பங்கேற்கும் சோதனையில், ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு கண்ணில் படாமலே போகலாம். மருந்து லட்சக்கணக்கானோருக்குச் சென்றபின் அது தெரியவரும்.

இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் ஏற்பட்டதை 2001ல் வெளியான ஆய்வு விவரித்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்று அல்லது அதற்குக் குறைந்த முறை மருந்தேற்றிய நிலையிலேயே நோய் வெளிப்பட்டது.

காரணமும் விளங்கியது. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளை நோய் எதிர்ப்பு அணுக்கள் சுவர் எழுப்பிச் சிறை வைக்கின்றன. அந்தச் சுவர் நிலைத்திருக்க டிஎன்எஃப் தேவை. அதைத் தடுத்தால் சுவர் தளர்ந்து கிருமி வெளியேறுகிறது.

இன்று இவ்வகை மருந்தைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய் உள்ளதா என்று ரத்தப் பரிசோதனை, நெஞ்சு ஊடுகதிர்ப் படம் ஆகியவற்றால் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. காசநோய் இன்னும் நீங்காத தென்கிழக்காசியாவிலும் இந்தியாவிலும் வாழ்ந்தவர்களுக்கு இது முக்கியம். இளவயதில் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய கதை என்று பெரியவர்கள் விட்டுவிடும் செய்தி, உயிரைக் காக்கும் தகவலாக இருக்கலாம்.

ஒரு நோயில் பலன், வேறொன்றில் பாதிப்பு

டிஎன்எஃப் தடுப்பு முடக்குவாதத்தில் வென்றதால், அழற்சி உள்ள எல்லா நோய்க்கும் அது பொருந்தும் என்ற நம்பிக்கை பிறந்தது.

மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு, டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் லெனர்செப்ட் என்ற மருந்து 168 பேரிடம் சோதிக்கப்பட்டது. விலங்குகளில் இந்த அணுகுமுறை நல்ல பலன் தந்திருந்தது. ஆனால் 1999ல் வெளியான முடிவின்படி, வெற்று மருந்து பெற்றவர்களைவிட லெனர்செப்ட் பெற்றவர்களுக்கே நோய் அடிக்கடி தீவிரமடைந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாமல் இருந்திருந்தால், நோய் தன் போக்கில் முற்றுகிறது என்று எண்ணி மருந்தைத் தொடர்ந்திருப்பார்கள். வெற்று மருந்துக் குழுவில் இடம்பெறுவது எப்போதும் நட்டம் என்று கருத முடியாது என்பதற்கும் இச்சோதனை ஓர் எடுத்துக்காட்டு.

2006ல் நேர்ந்தது

மருந்து முதன்முதலில் மனித உடலுக்குள் செல்லும் கட்டமே மிகவும் கவனமாக இருக்க வேண்டிய கட்டம். 2006 மார்ச் 13ஆம் தேதி, லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இயங்கிய தனியார் சோதனைப் பிரிவில் அது கடுமையாக உணர்த்தப்பட்டது.

முடக்குவாதத்திற்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் உதவும் என்று கருதப்பட்ட டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள், உடல்நலமிக்க ஆறு ஆண்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தப்பட்டது. மேலும் இருவருக்கு வெற்று மருந்து கொடுக்கப்பட்டது.

மருந்து பெற்ற ஆறு பேருக்கும் சில மணி நேரத்திற்குள் உடலெங்கும் அழற்சி பொங்கி, உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையில் அறுவரும் உயிர் பிழைத்தாலும், பாதிப்பு கடுமையாக இருந்தது. விலங்குகளிடம் நடந்த சோதனைகளில் இந்த ஆபத்து தென்படவில்லை.

அதன்பின் ஐரோப்பாவில் விதிமுறைகள் இறுக்கப்பட்டன. இவ்வகைப் புதிய மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, போதிய நேரம் கண்காணித்த பிறகே அடுத்தவருக்குச் செலுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தொடக்க அளவை மிகக் குறைவாக வைக்கவும் வலியுறுத்தப்பட்டது.

சோதனைக்கு அழைக்கப்படுபவர் “இது எந்தக் கட்டம்?” என்று கேட்பது இதனால்தான் முக்கியமாகிறது. முதல் கட்டம் பாதுகாப்பையும் அளவையும் பார்ப்பது. இரண்டாம் கட்டம் பலன் உண்டா என்று சிலரிடம் பார்ப்பது. மூன்றாம் கட்டம் பலரிடம் ஒப்பிட்டு உறுதிசெய்வது. விற்பனைக்கு வந்தபின் தொடரும் கண்காணிப்பு நான்காம் கட்டம்.

நம்மவர்கள் சேராவிட்டால்?

ஒரு சோதனையின் விடை, அதில் பங்கேற்றவர்களுக்கே முதலில் பொருந்தும். ஐரோப்பியர்களிடம் கண்டறிந்தது ஆசியர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

குடல் அழற்சிக்கும் லூப்பஸ் நோய்க்கும் நெடுங்காலமாகத் தரப்படும் அசதயோபிரின் மருந்து இதற்குச் சான்று. சிலருக்கு அது வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். யாருக்கு அப்படி ஆகும் என்பதை அறிய, ஐரோப்பியர்களிடையே கண்டறியப்பட்ட ஒரு மரபணு வேறுபாடு பயன்பட்டுவந்தது. ஆனால் ஆசிய நோயாளிகள் பலரின் பாதிப்பை அது விளக்கவில்லை.

தென்கொரிய ஆய்வாளர்கள் 2014ல் என்யுடிடி15 என்ற வேறொரு மரபணுவில் விடையைக் கண்டனர். அந்த மரபணு மாற்றம் கிழக்காசியர்களிடம் அதிகம் காணப்படுகிறது. தெற்காசிய வம்சாவளியினரிடமும் அது உள்ளது. கொரிய நோயாளிகள் ஆய்வில் பங்கேற்காமல் இருந்திருந்தால் இது தெரியவர மேலும் காலம் பிடித்திருக்கும்.

எல்லாரும் சேர்ந்தே ஆகவேண்டும் என்பது இதன் பொருளன்று. புரியாத காரணத்தால் மட்டும் ஒரு சமூகம் ஒதுங்கி நிற்கக்கூடாது என்பதே இதிலிருந்து பெறும் செய்தி.

சிங்கப்பூர், மலேசிய நடைமுறை

சிங்கப்பூரில் மருந்துச் சோதனைகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் ஒழுங்குபடுத்துகிறது. அத்துடன் நெறிமுறை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலும் தேவை. மலேசியாவில் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் நெறிமுறைக் குழுக்களும் இப்பணியைச் செய்கின்றன.

சோதனையின் நோக்கம், செய்முறை, ஆபத்து, மாற்றுச் சிகிச்சைகள் ஆகியவற்றை விளக்கி, விளங்கியதை உறுதிசெய்து, அதன் பிறகே ஒப்புதல் பெற வேண்டும். சிங்கப்பூரில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலும் பொதுவாகத் தேவைப்படும்.

பங்கேற்பவர் படிவத்தை வாசிக்க இயலாதவராக இருந்தால், சோதனையுடன் தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று அனைத்துலக விதிமுறை கூறுகிறது. படிவத்தில் உள்ளது சரியாக விளக்கப்பட்டது என்றும், அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார் என்றும் சாட்சி கையொப்பமிடுவார்.

தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பாட்டிக்கு, ஆங்கிலப் படிவத்தைப் பேரப்பிள்ளை அவசரமாக மொழிபெயர்த்துச் சொல்வது இந்த விளக்கத்திற்கு ஈடாகாது. தமிழில் தகவல் தாள் உள்ளதா, தமிழ் பேசும் ஊழியர் விளக்குவாரா என்று குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம். “டாக்டர் கேட்கிறார், எப்படி மறுப்பது?” என்ற மரியாதை இந்த இடத்தில் தேவையில்லை. மறுத்தாலும், இடையில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக்கூடாது என்பது விதி.

கேட்க வேண்டிய கேள்விகள்

படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று யோசிக்க நேரம் கேட்கலாம். கையொப்பமிடும் முன் இவற்றுக்குத் தெளிவான விடை பெறுவது நல்லது:

• இது எந்தக் கட்டச் சோதனை? இதுவரை எத்தனை பேருக்கு இந்த மருந்து கொடுக்கப்பட்டுள்ளது?

• எனக்கு வெற்று மருந்து கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? அந்தக் காலத்தில் என் நோய் தீவிரமானால் என்ன சிகிச்சை தருவீர்கள்?

• இப்போது எடுக்கும் மருந்துகளில் எதையாவது நிறுத்த வேண்டுமா?

• காசநோய், கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் முன்கூட்டியே செய்யப்படுமா?

• எத்தனை முறை வரவேண்டும்? எந்தச் செலவு என்னுடையது?

• சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார்?

• சோதனை முடிந்தபின், மருந்து எனக்குப் பலன் தந்திருந்தால் தொடர்ந்து கிடைக்குமா?

• இரவிலோ வார இறுதியிலோ உடல்நிலை மோசமானால் யாரைத் தொடர்புகொள்வது?

ஏழாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. சோதனைக் காலத்தில் இலவசமாகக் கிடைத்த மருந்து, அது முடிந்ததும் கைக்கு எட்டாத விலையில் இருக்கக்கூடும். விரல்கள் மீண்டும் மடங்கத் தொடங்கிய ஒருவருக்கு அது சிறிய செய்தியன்று.

சேர்ந்த பிறகும் சில கடமைகள் உண்டு. பாரம்பரிய மருந்து, கடையில் வாங்கும் வலி நிவாரணி உட்பட எடுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும் ஆய்வுக் குழுவிடம் சொல்ல வேண்டும். விலக விரும்பினால் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், குழுவிடம் தெரிவித்துப் பாதுகாப்பான முறையில் விலகுவது நல்லது.

இன்று மருத்துவமனையில் சில மணி நேரம் அமர்ந்து மருந்தேற்றிக்கொண்டு வீடு திரும்பும் முடக்குவாத நோயாளிக்கு, 1992ல் பங்கேற்ற 20 பேரையோ, பின்னர் வெற்று மருந்து பெற்ற 24 பேரையோ தெரியாது. அவர் பெறும் மருந்தின் அளவும், அதற்கு முன் செய்யப்படும் காசநோய்ப் பரிசோதனையும் முன்னால் சென்றவர்களிடமிருந்து அறிந்துகொண்டவை.

அடுத்த விடைக்குப் பங்களிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. படிவத்தில் உள்ளது முழுமையாக விளங்கிய பிறகு அந்த முடிவை எடுப்பது அவரவர் உரிமை.